வானம் பார்த்த சீமையில் ஒரு விருந்து

உலகத்தில் க்ஷேத்திர யாத்திரை செய்கிறவர்கள் உண்டு. தேச யாத்திரை செய்கிறவர்கள் உண்டு. போஜன யாத்திரை செய்கிறவர்களும் உண்டு. எங்கள் நண்பர் ஒருவர் இந்த மூன்றாவது ரகத்தைச் சேர்ந்தவர். அவர் ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில் உள்ள அந்தலூஸியா என்னும் பிரதேசத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கிவிட்டு வந்தார். அது முதல் அவரோடு பேசுவதே கஷ்டமாகிவிட்டது. நாங்கள் தோசைக்கு நல்லெண்ணெய் விட்டுக்கொண்டால், அவர் ஆலிவ் எண்ணெயின் மகிமையை ஆரம்பிப்பார். மோர் குடித்தால், ஹெரேஸ் என்னும் ஊரில் உண்டாகும் திராட்சை மதுவைப் பற்றிச் சொல்வார். அந்த ஊரின் பெயர்தான் இங்கிலீஷ்காரர்களின் வாயில் புகுந்து 'ஷெர்ரி' என்று ஆயிற்றாம். மதுக் கிண்ணத்தோடு சின்னஞ்சிறு தட்டுகளில் கொண்டு வந்து வைக்கும் பதார்த்தங்களுக்கு 'தாபாஸ்' என்று பெயராம். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்களாம். இரவு பத்து மணிக்கு மேல் வீதியில் நாற்காலி போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுவார்களாம்.

"இத்தனைக்கும் அது ஒன்றும் காவேரிக் கரை அல்ல. வெயிலும் பொட்டலும் கலந்த பூமிதான். ஆனால் வாழத் தெரிந்த ஜனங்கள்! நம் பக்கத்தில் அப்படி ஒரு சீமையைக் காட்ட முடியுமா?" என்று ஒரு நாள் சவால் விட்டார்.

எங்கள் வீட்டு எஜமானி அடுப்பங்கரையிலிருந்தே பதில் சொன்னாள்: "ஏன் முடியாது? விருதுநகருக்குப் புறப்படச் சொல்லுங்கள்!"

இப்படியாகத்தான், பங்குனி வெயிலில் நாங்கள் மூவரும் மதுரையில் ரயில் ஏறித் தெற்கு நோக்கிப் பிரயாணமானோம்.

திருமங்கலம் தாண்டியதும் பூமியின் நிறம் மாறிவிடுகிறது. கன்னங்கரேலென்ற கரிசல் மண். வெயிலில் பிளந்து கிடக்கும் வெடிப்புகள். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேல முள். நடு நடுவே காவலுக்கு நிற்பது போல் சில பனைமரங்கள். மேற்கே எழும்பி நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவ மழையைத் தன் அப்புறத்திலேயே நிறுத்திக்கொண்டு விடுகிறது. இந்தச் சீமைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மேகத்தை எதிர்பார்த்து வாழவேண்டியவர்கள். பருத்தி, மிளகாய், கம்பு, சோளம், எள், உளுந்து என்று மானாவாரியில் என்ன வருமோ அதுதான் விளைவு. நண்பர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இங்கே சாப்பிட என்ன இருக்கப் போகிறது?" என்று பெருமூச்சு விட்டார்.

விருதுநகருக்கு முன்னாளில் விருதுபட்டி என்று பெயர். 1923-ல்தான் அது நகரமாயிற்று. 1985-ல் தனி ஜில்லாவுக்குத் தலைநகரமும் ஆயிற்று. எதையும் அதிகம் விளைவிக்காமல், எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் ஊர் என்று இதைப் பற்றிச் சொல்வதுண்டு. பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று வருவதைப் பார்த்துவிட்டு மளிகைக்கடைக்குப் போகும் குடும்பஸ்தர்கள் நம்மில் எத்தனையோ பேர். கடைவீதியில் நடந்தால், மூக்குக்கு ஒரு பாடமே நடக்கிறது. முதலில் மிளகாய் வற்றல். நாலு தும்மலுக்குப் பிறகு மல்லி. அதன் பிறகு நல்லெண்ணெய். அப்புறம் ஏலக்காய், காப்பிக் கொட்டை.

மிளகாய் மூட்டைகளைக் கண்டதும் நண்பருக்கு ஸ்பெயின் ஞாபகம் வந்துவிட்டது. இந்தத் தடவை அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. கொலம்பஸ் 1492-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ம் தேதி கப்பல் ஏறியது தென் ஸ்பெயினில் உள்ள பாலோஸ் துறைமுகத்திலேதான். மிளகைத் தேடிப் போனவர் மிளகாயைக் கண்டார். பிறகு போர்ச்சுகீசியர் அதை நம் கரையில் கொண்டு வந்து இறக்கினார்கள். ஆகவே, அந்தலூஸியாவுக்கும் விருதுநகருக்கும் பழைய பந்தம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. என்ன வித்தியாசமென்றால், அவர்கள் தொட்டுப் பார்த்து விட்டுவிட்ட காரத்தை நம்மவர்கள் ஸ்வீகாரமே செய்துகொண்டார்கள்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் புரோட்டாக் கடைகள் விழித்துக்கொண்டன. வாசலிலேயே அகன்ற தோசைக்கல். அதன் பள்ளத்தில் எண்ணெய் குளம் கட்டி நிற்கிறது. மாவு பிசைகிறவர் ஓர் உருண்டையை எடுத்துப் பலகையில் தட்டி, இரண்டு கையாலும் வீசுகிறார். அது மெல்லிய துணி போல் விரிகிறது. அதை மடித்து, சுருட்டி, வட்டமாக்கி, எண்ணெயில் இறக்குகிறார். மற்ற ஊர்களில் புரோட்டாவைக் கல்லிலே வாட்டுவார்கள். விருதுநகரில் அதை எண்ணெயில் பொரிக்கிறார்கள். மேலே முறுகலாகவும் உள்ளே பஞ்சு போலவும் வெந்து வருவதை வாழையிலையில் பிய்த்துப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடவேண்டும்.

நண்பர் முதல் புரோட்டாவை ஆராய்ச்சி செய்வது போல் சாப்பிட்டார். இரண்டாவதை மௌனமாகச் சாப்பிட்டார். மூன்றாவதற்குப் பிறகு, பரிமாறுகிறவரை, "அண்ணாச்சி!" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா, அண்ணாச்சி?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இந்தச் சீமையில் கடைக்காரரும் அண்ணாச்சி, வாங்க வருகிறவரும் அண்ணாச்சி. ஹெரேஸ் நகரத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த உறவு கிடைக்குமா என்று கேட்கலாமென்று நினைத்தோம். ஆனால் நண்பரின் வாய் வேலையாக இருந்தபடியால் கேட்கவில்லை.

பக்கத்து மேஜையில் ஒரு சுமை தூக்கும் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள். வாரக் கூலி கையில் வந்த சந்தோஷம் நால்வர் முகத்திலும் தெரிந்தது. சின்னக் குழந்தை சால்னாவில் விரலை விட்டுவிட்டு, காரம் தாங்காமல் உதட்டை ஊதிக்கொண்டு, மறுபடியும் விரலை விட்டது. வைத்தியர்கள் மைதாவைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் சொல்வதெல்லாம் உண்மைதான். தினந்தோறும் இதைச் சாப்பிடச் சொல்லி நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம். ஆனால் ஆறு நாள் மூட்டை சுமந்த குடும்பத்துக்கு ஏழாம் நாளுக்கு முந்திய இரவில் இது திருவிழா.

மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் போனோம். சாலை ஓரத்தில் ஒரு பெரியவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் மெதுவாக அருகில் போய், "கள் கிடைக்குமா?" என்று விசாரித்தார்.

"கள்ளா? அதெல்லாம் இங்கே இல்லீங்க. கலயத்திலே சுண்ணாம்பு தடவியிருக்கு, இது பதநீரு. குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றார் பெரியவர்.

விஷயம் இவ்வளவுதான். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டால், வடிகிற சாறு வெயில் ஏற ஏறத் தானே புளித்துக் கள்ளாகும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைப் பூசிவிட்டால் புளிக்காமல் பதநீராக இறங்கும். ஒரு விரல் சுண்ணாம்புதான் குடியையும் பானத்தையும் பிரிக்கிறது! ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது முதல், இந்த ராஜ்யத்தில் கள்ளுக்கடை மூடியும் திறந்தும் மறுபடி மூடியும் இருந்திருக்கிறது. கள்ளுக்கு 1987-ல் விதித்த தடை இன்று வரையில் நீடிக்கிறது. ஷெர்ரிக்குப் பெருமை எத்தனை வருஷம் பீப்பாயில் கிடந்தது என்பதில். பதநீருக்கோ அன்றைய தினமே அதன் ஆயுள். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்கவேண்டும்.

பெரியவர் பச்சைப் பனையோலையை மடித்துப் பட்டை கட்டினார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டார். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குடிக்கவேண்டும். ஓலையின் வாசனை முதலில் வருகிறது, பிறகு தித்திப்பு, அதற்குப் பிறகு அந்தச் சுண்ணாம்பின் மெல்லிய சுவை. நண்பர் பட்டையைக் கீழே வைக்காமலே, "இன்னொன்று" என்றார்.

"எத்தனை மரம் ஏறுகிறீர்கள்?" என்று நாங்கள் கேட்டோம்.

"முன்னே ஏறினதிலே பாதி. காலையிலும் ஏறணும், சாயங்காலமும் ஏறணும். மகன் ஏறமாட்டேன்னுட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? கீழே விழுந்தா யார் பாக்குறது?" என்றார். உள்ளங்கையைக் காட்டினார். மரத்தின் செதில் அப்படியே அதில் பதிந்திருந்தது.

பனை 1978-ல் தமிழ்நாட்டின் ராஜ்ய மரமாயிற்று. மரத்துக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. மரம் ஏறுகிறவருக்குக் கைக்காய்ப்புதான் பட்டம்.

பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. கருப்பட்டிப் பாகில் ஊறியது கருப்பட்டி மிட்டாய். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைச் சுற்றுச் சுற்றாக எண்ணெயில் பிழிந்து, பாகில் போட்டு எடுக்கிறார்கள். பார்ப்பதற்கு ஜிலேபிக்கு மாமன் மகன் மாதிரி, கறுப்பாக இருக்கிறது. சாத்தூருக்குப் போனோமானால் அங்கே காராச்சேவு. கடலை மாவு, மிளகாய், பூண்டு, எண்ணெய் இவைதான் அதன் மூலதனம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. பாலையும் சர்க்கரையையும் தவிர வேறு எதுவும் இல்லை. ஆண்டாள் கோயில் கோபுரத்தைத் தரிசித்துவிட்டு வருகிறவர்கள் அதை வாங்காமல் பஸ் ஏறுவது கிடையாது. 2019-ல் சர்க்கார் அதற்கு ஊர்ப் பெயரோடு புவிசார் குறியீடும் கொடுத்திருக்கிறது.

பொட்டலங்களையெல்லாம் மடியில் அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு எஜமானி திடீரென்று, "ஒன்று கவனித்தீர்களா? இந்த ஊர்ப் பட்சணம் எதுவும் அன்றைக்கே கெட்டுப்போகிறதில்லை. சேவு, மிட்டாய், கருப்பட்டி, வற்றல் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இந்தச் சீமையின் சரித்திரமே அந்த வார்த்தையில் இருக்கிறது. ஆறு நிறைந்து ஓடுகிற ஊரில், சாயங்காலம் தோட்டத்துக்குப் போய்க் கீரை கிள்ளலாம். இங்கே இன்று கிடைத்ததை நாளைக்கு வைத்துக்கொண்டால்தான் நாளை உண்டு. தென்கோடிப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டியையும் கருவாட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் குடும்பத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்து வியாபாரத்தை வளர்த்தார்கள். ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். கோயில் நுழையவும் தெருவில் நடக்கவும் தடை இருந்த காலத்தில், அந்தச் சில்லறைக் காசிலே தங்களுக்குக் கிணறும் சாவடியும் பள்ளிக்கூடமும் உண்டாக்கிக்கொண்டார்கள். வீட்டிலும் அதே வழக்கம். உலையில் அரிசி போடுகிறபோது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடவேண்டும். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்துத்தான் 1889-ல் ஏற்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலையை விருதுநகர்க்காரர்கள் நடத்தினார்கள்.

சிவகாசிக்கு நாங்கள் போனபோது உச்சி வேளை. 'குட்டி ஜப்பான்' என்று ஜவாஹர்லால் நேரு புகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1923-ம் வருஷத்தை ஒட்டி இங்கே ஆரம்பித்தார்கள். தீப்பெட்டியின் பின்னால் மத்தாப்பும், பட்டாசும், அவற்றுக்குச் சீட்டு ஒட்டுவதற்காக அச்சுத் தொழிலும் வந்து சேர்ந்தன. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஸரஸ்வதியும் லக்ஷ்மியும் வந்து அமர்ந்தது இவர்களுடைய அச்சு இயந்திரத்தின் வழியாகத்தான். இந்தியா முழுவதும் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசில் பெரும் பகுதி இந்த ஒரு வட்டாரத்திலிருந்தே போகிறது.

ஊருக்கு வெளியே, ஒன்றுக்கொன்று எட்ட எட்டச் சிறு சிறு அறைகளாகக் கட்டிய ஒரு தொழிற்சாலைக்குச் சற்றுத் தூரத்தில், வேப்ப மரத்து நிழலில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கைகளில் வெள்ளி நிறத்து மருந்துப் பொடி. அதை மண் போட்டுத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் மினுமினுப்பு போகவில்லை. தூக்குவாளியில் நீர்ச்சோறு, சிலரிடம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

"சூடாக எதுவும் சாப்பிடமாட்டீர்களா?" என்று எங்கள் வீட்டு எஜமானி கேட்டாள்.

ஒரு பெண் சிரித்தாள். "உள்ளே ஒரு தீக்குச்சி கொண்டு போக விடமாட்டாங்கக்கா. அப்புறம் எங்கே போய்ச் சுடவைக்கிறது? ராத்திரி வடிச்சதுதான். விடியுமுன்னே எந்திரிச்சாத்தான் வண்டியைப் பிடிக்கலாம்."

தேசத்துக்கெல்லாம் நெருப்புப் பூவைத் தொடுத்துக் கொடுக்கிறவர்கள் ஆறின சோற்றைச் சாப்பிடுகிறார்கள்! நண்பரைத் திரும்பிப் பார்த்தோம். ஸ்பெயின் தேசத்து உவமானம் எதுவும் அவரிடம் இல்லை.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. சீனியவரைக்காய் வற்றல் இருந்த கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளி, "வெறும் வாயோட பாத்துக்கிட்டு நிக்கலாமா? எடுத்துக்கோங்க" என்றாள். எடுத்துக்கொண்டோம். வெயிலில் காய்ந்து, எண்ணெயில் பொரிந்து, உப்பும் உறைப்புமாக இருந்த அந்த வற்றலும் ஒரு வாய் நீர்ச்சோறும், மூன்று நாளில் நாங்கள் சாப்பிட்ட எல்லாவற்றிலும் மேலானவை. பிறகு அவள், "உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும்? சங்குச்சக்கரமா, புஸ்வாணமா? நான் சங்குச்சக்கரம்" என்று, தன் சமையலைப் பற்றிக் கேட்பது போல ஆசையாகக் கேட்டாள்.

2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்து 30-க்கும் அதிகமான பேர் மாண்டார்கள். அதற்கு முன்னும் விபத்துக்கள் நடந்தன, பின்னும் நடக்கின்றன. ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் இருக்கிறது. அதை மீறுகிற ஆசையும் அவசரமும் தீபாவளி நெருங்க நெருங்கப் பெருகுகின்றன. புகையினால் கேடு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு, மாசு குறைந்த பட்டாசுகளுக்கு மட்டுமே இடம் கொடுத்து உத்தரவிட்டது. பட்டணத்துக் குழந்தையின் மூச்சும் முக்கியம். இந்தப் பெண்ணின் வாரக் கூலியும் முக்கியம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதற்கு விருதுநகர் வியாபாரிகளாலும் முடியாது. ஆனால் பட்டாசுக்குப் பேரம் பேசுகிறபோதும், 'வேண்டாம்' என்று சொல்லுகிறபோதும், அந்த வேப்ப மரத்து நிழலை மறந்துவிட்டுப் பேசுவது எங்களால் இனி ஆகாது.

கடைசி நாள் விருதுநகருக்குத் திரும்பி, காமராஜ் 1903-ம் வருஷம் ஜூலை 15-ம் தேதி பிறந்த வீட்டைப் பார்த்தோம். இப்பொழுது அது நினைவு இல்லம். தெருவோடு ஒட்டிய சிறு வீடு. இதைப் பெரிதாகக் கட்டிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. சிறு வயதில் தகப்பனாரை இழந்து, பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, மாமனின் துணிக்கடையில் வேலைக்குப் போன பிள்ளை அவர். அவர் படித்தது நாம் முன்பு சொன்ன அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்திலேதான். 1954-ல் முதல் மந்திரியான பிறகு, பசித்த பிள்ளை எப்படிப் படிக்கும் என்று கேட்டு, 1956-ல் பள்ளிக்கூடங்களில் மத்தியான உணவை ஆரம்பித்தார். அது 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது; 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பெரிய பொருளாதார சாஸ்திரங்களையெல்லாம் விட, விருதுபட்டி வீடுகளில் உலைக்கு முன் எடுத்து வைத்த அந்தப் பிடி அரிசியே அவருக்கு வழி காட்டியிருக்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தென் ஸ்பெயின்காரர்கள் வாழத் தெரிந்தவர்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. மழை பொய்த்தாலும் நாவின் ருசியை விட்டுக்கொடுக்காத ஜனங்கள் எங்கே இருந்தாலும் நம் உறவினர்தான். ஆனால் தான் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பிடியை ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு ருசித்துச் சாப்பிடுவது விருதுநகரின் பாடம். அப்படி ஒதுக்கி வைத்தவர்களின் சாப்பாட்டில் ருசி ஒன்றும் குறைந்து போய்விடவில்லை என்பதற்கு அந்த ஊர்க் கடைவீதியே சாக்ஷி.

போக விரும்பும் நேயர்கள் பங்குனியில் போங்கள். பதநீர்க் காலம் அது. புரோட்டாவை இரவில் சாப்பிடுங்கள். பதநீரைக் காலையில் குடியுங்கள். சாத்தூர்ச் சேவை வீட்டுக்கென்று வாங்கினால் இரட்டிப்பாக வாங்குங்கள். ரயிலிலேயே பாதி தீர்ந்துவிடும். பனையேறியிடமும் பட்டாசுக்காரப் பெண்ணிடமும் இரண்டு வார்த்தை நின்று பேசுங்கள். எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிறு மண்பானை வந்திருக்கிறது. தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு மாதம் ஒரு முறை அது காலியாகிறது. "உங்களுக்கு ஒரு பிடி குறைந்தால் உடம்புக்கும் நல்லதுதான்" என்கிறாள் எங்கள் வீட்டு எஜமானி. விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்ட வேகத்தைப் பார்த்தவள் அவள். ஆகையால் நாங்கள் எதிர்வாதம் செய்யவில்லை.